கேள்வி பதில்: செய்மதியிலிருந்து நேரம் எடுப்பது

ஒட்டுசுட்டானிலிருந்து ஒரு ஆசிரியர் கேட்ட கேள்வியை ஒட்டியே வேறு சிலரும் எழுதியிருந்தார்கள். அதனால் இந்த இதழில் நேரத்தைப் பற்றி மட்டும்.

வணக்கம் ஐயா. எங்கள் பாடசாலைக் கணினி கூடத்தில் எல்லாம் பழைய கணினிகள். கரண்ட் போய் வந்தால் சிலவற்றில் திகதி 2009 என்று காட்டும், பிரவுசரைத் திறந்தால் பாதுகாப்பு எச்சரிக்கை வந்து எந்தத் தளமும் திறக்காது. சிம் போட்ட ரவுட்டரில்தான் இணையம், அதுவும் மழை நாளில் கிடையாது. ஜிபிஎஸ் ஒன்றைப் பூட்டினால் இணையம் இல்லாமலே எல்லாக் கணினிக்கும் சரியான நேரம் கொடுக்கலாம் என்று ஒருவர் சொன்னார். உண்மையா? என்ன வாங்க வேண்டும்?
(ஆசிரியர், ஒட்டுசுட்டான்)

உண்மைதான் சேர். ஆனால் அதற்குப் போவதற்கு முன், மதர்போர்டில் இருக்கும் வட்டப் பற்றரியை, சிஆர்2032 என்று எழுதியிருக்கும், எல்லாக் கணினியிலும் மாற்றிவிடுங்கள். கரண்ட் போனதும் திகதி பின்னால் ஓடுகிறது என்றால் அந்தப் பற்றரி முடிந்துவிட்டது. இதைச் செய்யாமல் நேர சேர்வர் (மற்றக் கணினிகளுக்கு நேரம் சொல்லும் கணினி) வைத்தும் பயன் இல்லை, ஏனென்றால் தனியாக நிற்கும் விண்டோஸ் கணினியில் வித்தியாசம் 15 மணித்தியாலத்துக்கு மேல் போனால், சேர்வர் சரியான நேரத்தைச் சொன்னாலும் விண்டோஸ் அதைத் தானாக ஏற்றுக்கொள்ளாது. 2009இல் நிற்கும் கணினி அங்கேயே நிற்கும். பாதுகாப்பு எச்சரிக்கையும் இதனால்தான் வருகிறது. ஒவ்வொரு தளத்தின் சான்றிதழுக்கும் எப்போதிலிருந்து எப்போதுவரை செல்லும் என்று இரண்டு திகதி உண்டு, உங்கள் கணினியைப் பொறுத்தவரை அந்தச் சான்றிதழ் இன்னும் தொடங்கவே இல்லை.

சரி, ஜிபிஎஸ்ஸுக்கு வருவோம். சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் ஒவ்வொரு ஜிபிஎஸ் செய்மதியிலும் அணுக் கடிகாரங்கள் இருக்கின்றன. நாங்கள் அதை வழி பார்க்கப் பாவிக்கிறோம், ஆனால் ஜிபிஎஸ் வாங்கி, அதாவது செய்மதியின் சிக்னலைப் பெறும் கருவி, தன் இடத்தைக் கண்டுபிடிப்பதே நேரத்தை அளந்துதான். ஆகக் குறைந்தது நான்கு செய்மதி தெரிய வேண்டும், மூன்று அளவு இடத்துக்கு, ஒன்று நேரத்துக்கு. ஆகவே அந்தக் கருவி பொருத்திய கையடக்கமான ஒரு மொடியூலை வாங்கினாலே அணுக் கடிகாரத்தோடு ஒட்டிய நேரம் உங்கள் கூடத்துக்கு வந்துவிடும்.

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று யூஎஸ்பியில் செருகும் குச்சி, மற்றது பின்கள் வைத்த திறந்த மொடியூல். யூஎஸ்பிக் குச்சியை வாங்காதீர்கள். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வானொலியில் செய்திக்கு முன் பீப், பீப் என்று ஒலி வரும், பிறகு அறிவிப்பாளர் நேரத்தைச் சொல்வார். அவர் சொல்லி முடிக்கச் சில செக்கன் ஆகும், எந்தக் கணத்தில் மணி சரியாக ஆறு என்பதை அந்த பீப்தான் சொல்கிறது. ஜிபிஎஸ் வாங்கியும் இப்படித்தான், ஒவ்வொரு செக்கனும் திகதி, மணி, நிமிடம், செக்கன் எல்லாவற்றையும் எழுத்தில் ஒரு வரியாக அனுப்பும், ஆனால் அந்த வரி வந்து சேரும் நேரம் ஒரே மாதிரி இருக்காது, நூறு மில்லி செக்கன் பிந்தும், சிலநேரம் இன்னும் கூடப் பிந்தும். கூடவே தனி ஒரு பின்னில் செக்கனுக்கு ஒரு துடிப்பு வருகிறது, அதைத்தான் பிபிஎஸ் என்கிறோம். அந்தத் துடிப்பு எழும் விளிம்பு உண்மையான செக்கனிலிருந்து சில பத்து நனோ செக்கனுக்குள் நிற்கும். யூஎஸ்பிக் குச்சிகளில் பெரும்பாலும் அந்தத் துடிப்பு வெளியே வராது, எழுத்து மட்டும்தான். துடிப்பு இல்லாத ஜிபிஎஸ், நல்ல இணைப்பில் இணையத்திலிருந்து எடுக்கும் நேரத்தைவிட மோசமாகவே இருக்கும்.

ஆகவே வாங்க வேண்டியவை: ஒரு ராஸ்பெரி பை (கையளவான சின்னக் கணினி, இதுதான் நேர சேர்வர் ஆகப்போகிறது), நியோ‑6எம் அல்லது நியோ‑எம்8என் மொடியூல், அதற்கு வெளியே வைக்கும் அன்ரனா. பை 3 போதும், பை 4 கிடைத்தால் நல்லது, அதில் நெட்வேர்க் இணைப்பு யூஎஸ்பி வழியாகச் சுற்றிப் போகாது. மொடியூலை வாங்கும்போது திருப்பிப் பின்களை எண்ணுங்கள். நான்கு மட்டும் இருந்தால் (மின்சாரம், தரை, அனுப்புவது, பெறுவது) துடிப்பு அந்தச் சின்ன லைட்டோடு நின்றுவிட்டது என்று அர்த்தம், நியோ‑6எம் சிப்பின் 3ஆவது காலிலிருந்து நீங்களே மெல்லிய வயரைச் சோல்டர் பண்ணி எடுக்க வேண்டிவரும். ஐந்தாவது பின்னில் பிபிஎஸ் என்று எழுதியிருப்பதாகப் பார்த்து எடுங்கள்.

மொடியூலின் அனுப்பும் பின்னைப் பையின் 10ஆவது பின்னுக்கும், பெறும் பின்னை 8ஆவது பின்னுக்கும், துடிப்பை 12ஆவது பின்னுக்கும் கொடுங்கள், அந்த 12ஆவது பின்தான் மென்பொருளில் ஜிபிஐஓ 18. பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, 5 வோல்ட் சிக்னல் தரும் பலகை என்றால் நேரே கொடுக்க வேண்டாம்.

மென்பொருளில் முதல் வேலை, சீரியல் வழியாக லொகின் கேட்பதை நிறுத்திவிட்டு சீரியல் வன்பொருளை மட்டும் திறந்து வைப்பது. பை 3இலும் 4இலும் நல்ல சீரியல் போர்ட்டை புளூடூத் பிடித்து வைத்திருக்கும், அதையும் நிறுத்திவிடுங்கள். பிறகு அமைப்புக் கோப்பில் பிபிஎஸ்‑ஜிபிஐஓ வரியை 18 என்று சேர்த்து, ஜிபிஎஸ்டி, பிபிஎஸ்‑டூல்ஸ், க்ரோனி மூன்றையும் நிறுவுங்கள், முதலாவது ஜிபிஎஸ்ஸைப் படிக்கும், இரண்டாவது துடிப்பைச் சோதிக்கும், மூன்றாவது கடிகாரத்தைச் சரிசெய்து மற்றக் கணினிகளுக்கும் நேரம் கொடுக்கும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள், எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிட்டு எது வேலை செய்யவில்லை என்று தெரியாமல் நிற்பார்கள். முதலில் ஜிபிஎஸ்டியில் செய்மதிகள் தெரிகின்றனவா, இடம் பிடித்துவிட்டதா என்று பாருங்கள். பெரும்பாலான மொடியூல்களில் இடம் பிடிக்கும்வரை லைட் மின்னாது, மின்னத் தொடங்கினால் துடிப்பும் வருகிறது. அடுத்து பிபிஎஸ்டெஸ்ட்டை ஓடவிடுங்கள், செக்கனுக்கு ஒரு வரி விழ வேண்டும், தவறாமல். அது சரி என்றால் மட்டும் க்ரோனிக்குப் போங்கள்.

க்ரோனியில் இரண்டு மூலம் எழுத வேண்டும். எழுத்தில் வரும் நேரத்தை ஜிபிஎஸ்டியிடமிருந்து எடுத்து, "இதைத் தெரிவுசெய்யாதே" என்று வையுங்கள். துடிப்பை இரண்டாவது மூலமாக வைத்து, எழுத்து நேரத்தோடு பூட்டுங்கள். எந்தச் செக்கன் என்பதை எழுத்து சொல்லும், அந்தச் செக்கன் எப்போது தொடங்குகிறது என்பதைத் துடிப்பு சொல்லும். பிறகு மூலங்களின் பட்டியலைக் கேட்டால் துடிப்பின் வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி விழுந்திருக்க வேண்டும், எட்டும் அளவு என்ற நிரலில் 377 என்று வர வேண்டும். அது எட்டடிமான எண், கடைசி எட்டு முறையும் தவறாமல் கிடைத்தது என்பதே அதன் பொருள். இந்த இரண்டும் வந்துவிட்டால் உங்கள் பை ஸ்ட்ராட்டம் 1 சேர்வர், அதாவது மூலக் கடிகாரத்திலிருந்து நேரே நேரம் எடுக்கும் முதற்படி சேர்வர் ஆகிவிட்டது, சில மைக்ரோ செக்கனுக்குள் நிற்கும்.

கடைசியாக, பைக்கு மாறாத ஐபி முகவரி ஒன்று கொடுத்து, கூடத்துக் கணினிகளில் திகதி‑நேர அமைப்பில் இணைய நேரம் என்ற இடத்தில் அந்த முகவரியைப் போடுங்கள். என்ரிபி (கணினிகள் வலையமைப்பில் நேரம் கேட்கும் முறை) பாவிப்பது யூடிபி 123 போர்ட், ஃபயர்வோல் இருந்தால் அதைத் திறந்துவிடுங்கள். வயர் வழியாக இணைந்த கணினிகள் ஒரு மில்லி செக்கன் அளவில் ஒத்து நிற்கும்.

அண்ணா, மல்லாவியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறேன், தகரக் கூரை. மொடியூலை மேசையில் வைத்தால் லைட் மின்னவே இல்லை, முற்றத்தில் வைத்தால் மின்னுகிறது. வயரை நீட்டி மொடியூலை வெளியே வைக்கலாமா?
(வாசகி, மல்லாவி)

மொடியூலை உள்ளேயே வையுங்கள் தங்கச்சி, அன்ரனாவை வெளியே கொண்டு போங்கள். சீரியல் வயரையும் துடிப்பு வயரையும் நீளமாக இழுத்தால் இரைச்சல் சேரும், வெயிலும் மழையும் மொடியூலைக் கெடுக்கும். ஜிபிஎஸ் வரும் 1575.42 மெகாஹேர்ட்ஸ் அலை தகரத்தை ஊடுருவாது. ஓட்டுக் கூரையும் அஸ்பெஸ்டஸ் சீற்றும் ஓரளவுக்கு விடும், பாசி பிடித்து நனைந்திருந்தால் குறையும். அடியில் காந்தம் வைத்த அக்டிவ் அன்ரனா கிடைக்கும், அதைத் தகரத்தின் மேல்பக்கம் ஒட்டிவிட்டால் உங்களுக்குத் தடையாக இருந்த அதே தகரம் அன்ரனாவுக்கு நல்ல அடித்தளமாகிவிடும், கீழேயிருந்து தெறித்து வரும் சிக்னலை மறைத்துவிடும்.

எங்கள் இடம் கிட்டத்தட்ட வடக்கு 9 பாகையில் இருப்பதால் செய்மதிகள் தலைக்கு மேலாலும் போகும், வடக்கிலும் தெற்கிலும் தெரியும். யன்னலோரம் வைத்தால் பாதி வானம் போய்விடும், கூரைமேல் வைத்தால் முழுவதும் கிடைக்கும். மாமரத்துக்குக் கீழே வைக்க வேண்டாம், மழைக்குப் பிறகு நனைந்த இலை சிக்னலைக் குடித்துவிடும். கேபிள் 10 மீற்றர் என்றால் சுமார் 50 நனோ செக்கன் பிந்தும், உங்கள் தேவைக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் இடி மின்னலைக் கவனியுங்கள். சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரத்து இடி எப்படி என்று உங்களுக்குத் தெரியும். முகட்டில் வைக்காதீர்கள், கூரையின் தாழ்ந்த ஓரத்தில் வையுங்கள், கேபிள் உள்ளே வரும் இடத்தில் தரையிணைப்புள்ள மின்னல் தடுப்பான் ஒன்று போடுங்கள்.

2003இல் புதுக்குடியிருப்பில் எடுத்த படங்களையும் பதிவுகளையும் கணினியில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். செய்மதியின் நேரம் எங்கள் நேரமாக வருமா? அந்தக் காலத்து அரை மணித்தியால வித்தியாசத்தை என்ன செய்வது?
(வாசகர், புதுக்குடியிருப்பு)

நல்ல கேள்வி, இதை நினைத்துப் பார்ப்பவர்கள் குறைவு. நேர சேர்வர் எங்கள் நேரத்தைக் கொடுப்பதில்லை, யூடிசி என்ற உலகப் பொது நேரத்தை மட்டும் கொடுக்கும். அதோடு 5.30 மணித்தியாலத்தைக் கூட்டிக் காட்டுவது ஒவ்வொரு கணினியின் வேலை. விண்டோஸில் ஸ்ரீ ஜயவர்த்தனபுர என்று இருக்கும் வலயத்தைத் தெரிவுசெய்தால் சரி.

சிக்கல் பழைய பதிவுகளில்தான். 1996 மே மாதம், மின்சாரத் தட்டுப்பாட்டு நேரத்தில், நாட்டின் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே எடுத்தார்கள், மீதி அரை மணித்தியாலத்தை 2006 ஏப்ரலில்தான் எடுத்தார்கள். ஆகவே 2003இல் நாட்டின் நேரம் யூடிசியோடு 6 மணித்தியாலம். ஆனால் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னி அந்த மாற்றத்தை ஏற்கவில்லை, இங்கே பழைய 5.30 தொடர்ந்தது. ஏ9 பாதை திறந்த பிறகு ஓமந்தைச் சோதனைச் சாவடியால் போய் வந்த எல்லாருக்கும் அந்த அரை மணித்தியாலம் நினைவிருக்கும்.

கணினிகள் பாவிக்கும் உலக நேர வலயப் பட்டியலில் கொழும்பின் மாற்றங்கள் எல்லாம் பதிந்திருக்கின்றன, வன்னியின் நேரம் அங்கே தனியாக இல்லை. ஆகவே 2003 புதுக்குடியிருப்புப் பதிவு ஒன்றில் காலை 9.00 என்று எழுதியிருந்து, அதை நீங்கள் கொழும்பு வலயத்தில் ஏற்றினால், கணினி அதை யூடிசி 3.00 என்று எடுக்கும், உண்மையில் அது 3.30. வைத்தியசாலைப் பிறப்புப் பதிவோ அறிவித்தலோ எதுவாக இருந்தாலும் அரை மணித்தியாலம் தவறிவிடும். 1996 மே முதல் 2006 ஏப்ரல் வரையான வன்னிப் பதிவுகளுக்குக் கொல்கத்தா வலயத்தைக் கொடுங்கள், அது அந்த ஆண்டுகளில் 5.30இலேயே மாறாமல் நின்றது. வவுனியா நகரில் எடுத்தவற்றுக்குக் கொழும்பு வலயம். எங்கே எடுத்தது என்று தெரியாத படத்தை ஊகித்துத் திருத்தாதீர்கள், எழுதியிருக்கும் நேரத்தை அப்படியே வைத்து, வலயம் உறுதியில்லை என்று ஒரு குறிப்புச் சேருங்கள். அந்தக் காலத்துப் பதிவுகளில் எவ்வளவோ அழிந்துவிட்டன, மிஞ்சியதையாவது சரியாக வைக்க வேண்டும்.

அண்ணை, பொறியியல் பீடத்தில் படிக்கிறேன். நியோ‑6எம், பிபிஎஸ் எல்லாம் பூட்டி க்ரோனி ஓடுகிறது. சில நாள் நேரம் மிகச் சரி, சில நாள் மிகச் சரியாக ஒரு செக்கன் பின்னால் நிற்கிறது. கரண்ட் போய் வந்தால் முதல் பத்து நிமிடம் அளவில் 3 செக்கன் முன்னால் காட்டிவிட்டுத் தானாகச் சரியாகிறது. மொடியூல் பழுதா?
(மாணவர், அறிவியல் நகர், கிளிநொச்சி)

பழுதில்லை தம்பி, இரண்டுக்கும் வேறு வேறு காரணம்.

முதலாவதுக்குக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொடியூல் 9600 பாட் (செக்கனுக்கு 9600 பிட்) வேகத்தில் பேசுகிறது, ஒரு எழுத்துக்கு 10 பிட், அப்போ செக்கனுக்கு 960 எழுத்து. அது ஒவ்வொரு செக்கனும் ஆர்எம்சி (திகதியும் நேரமும் உள்ள வரி), ஜிஜிஏ, ஜிஎஸ்ஏ, ஜிஎல்எல், விடிஜி வரிகளையும், தெரியும் செய்மதிகளைப் பட்டியலிடும் ஜிஎஸ்வி வரிகள் சிலவற்றையும் அனுப்புகிறது. எல்லாம் சேர்ந்து 480 எழுத்தைத் தொட்டாலே அரைச் செக்கன் போய்விட்டது. துடிப்பை அருகிலுள்ள செக்கனோடுதான் க்ரோனி சேர்க்கும், எழுத்து அரைச் செக்கனுக்கு மேல் பிந்தினால் துடிப்பு முந்தின செக்கனில் போய் ஒட்டிக்கொள்ளும். வானத்தில் செய்மதிகளின் எண்ணிக்கை மாற மாற ஜிஎஸ்வி வரிகள் கூடிக் குறையும், அதனால்தான் ஒரு நாள் சரி, ஒரு நாள் பிழை.

ஆர்எம்சியை மட்டும் விட்டு மற்ற வரிகளை நிறுத்துங்கள், பாட் வேகத்தை 38400 ஆக்குங்கள். பிறகு இணையம் இருக்கும் ஒரு நாளில் இணைய சேர்வர்கள் மூன்று நான்கை க்ரோனியில் சேர்த்து, எழுத்து, துடிப்பு இரண்டையும் தெரிவுசெய்யாமல் சும்மா ஓடவிட்டு, எழுத்து நேரம் சராசரியாக எவ்வளவு பிந்துகிறது என்று பார்த்து, அந்த அளவை ஈடுகட்டும் எண்ணாக எழுதுங்கள். மற்றவர்களின் அமைப்புக் கோப்பிலிருந்து 0.2 என்று அப்படியே எடுத்து ஒட்டுவது கூடாது, அது அவர்களின் மொடியூலுக்கான எண். மொடியூல் கரண்ட் போனால் அமைப்புகளை மறந்துவிடலாம், பை தொடங்கும்போதே திரும்ப அனுப்பும்படி செய்யுங்கள்.

மூன்று செக்கன் விஷயம் லீப் செக்கன், பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக யூடிசியில் இடைக்கிடை சேர்க்கும் ஒரு செக்கன். ஜிபிஎஸ் நேரம் 1980 ஜனவரி 6இல் தொடங்கியது, அதில் லீப் செக்கன் சேர்ப்பதில்லை. 2017 ஜனவரி 1 முதல் அது யூடிசியைவிட 18 செக்கன் முன்னால் நிற்கிறது. வாங்கி இந்த 18 என்ற எண்ணைச் செய்மதியிடமிருந்து கேட்டுத்தான் அறிகிறது, அந்தத் தகவல் முழுச் சுற்று வர 12.5 நிமிடம். அதுவரை ஃபர்ம்வேரில் (வாங்கிக்குள்ளேயே இருக்கும் மென்பொருளில்) எழுதியிருக்கும் பழைய எண்ணைப் பாவிக்கும். 2009க்கும் 2012 நடுப்பகுதிக்கும் இடையில் அது 15, உங்கள் ஃபர்ம்வேர் அந்தக் காலத்தது போலத் தெரிகிறது. தொடங்கி 15 நிமிடம் கழித்து க்ரோனி துடிப்பை ஏற்கும்படி வைத்தால் போதும். 2035க்குள் லீப் செக்கனைக் கைவிடுவதாக 2022இல் உலக அளவில் முடிவெடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வரும் பிள்ளைகளுக்கு இந்தத் தலையிடி இராது.

பழைய ஜிபிஎஸ் ஒன்று இருக்கிறது. மணியும் நிமிடமும் சரி, திகதி மட்டும் 2006 என்று காட்டுகிறது.
(வாசகர், நெடுங்கேணி)

ஜிபிஎஸ் வாரங்களை 1024 வரை மட்டும் எண்ணிவிட்டுத் திரும்பப் பூச்சியத்தில் தொடங்கும், அது ஏறக்குறைய 19 ஆண்டு 7 மாதம். கடைசியாகத் திரும்பியது 2019 ஏப்ரலில், அடுத்தது 2038 நவம்பரில். உங்கள் வாங்கி ஒரு சுற்றுப் பின்னால் நிற்கிறது. திகதிக்கு அதை நம்பாதீர்கள், துடிப்புப் பின் இருந்தால் துடிப்பு மட்டும் இப்போதும் சரியாகவே இருக்கும்.

கூட்டுறவுக் கடையின் கமராப் பெட்டிக்கும் இதே சேர்வரிலிருந்து நேரம் கொடுக்கலாமா?
(வாசகர், விசுவமடு)

கொடுக்கலாம், கொடுக்கவும் வேண்டும். பெட்டியின் அமைப்பில் என்ரிபி என்ற இடத்தில் பையின் முகவரியைப் போடுங்கள்.

கரண்ட் போனால் பையின் நேரமும் போய்விடுமே?
(வாசகி, மாங்குளம்)

பை 4 வரை பையில் கடிகாரப் பற்றரி கிடையாது. டிஎஸ்3231 என்ற சின்னக் கடிகார மொடியூலைச் சேருங்கள், எங்கள் வெக்கையிலும் ஆண்டுக்கு ஒரு நிமிடம் அளவுக்கு மேல் விலகாது. டிஎஸ்1307 என்று மலிவாக ஒன்று தருவார்கள், வேண்டாம், அது வெப்பத்துக்கு ஏற்ப ஓடும். ரவுட்டருக்கு வைக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்றில் பையையும் நெட்வேர்க் சுவிட்சையும் சேர்த்துக் கொடுத்தால் சிறிய மின்வெட்டுகளில் எதுவும் நிற்காது. மழை மேகத்தால் செய்மதி அறுவதில்லை, பயப்பட வேண்டாம். அன்ரனா கழன்றாலும் க்ரோனி அதுவரை கற்றுக்கொண்ட வேகத்தில் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும், சில மணித்தியாலத்துக்குக் கூடத்துக் கணினிகளுக்கு வித்தியாசமே தெரியாது. இணையம் வரும் நேரத்துக்காக வெளிச் சேர்வர்கள் மூன்று நான்கையும் க்ரோனியில் எழுதியே வையுங்கள், செய்மதி ஒருநாள் பிழை சொன்னால் அதைக் காட்டிக்கொடுக்க இன்னொரு வாய் வேண்டும்.

அயல் பாடசாலைகளுக்கும் இணையம் வழியாக எங்கள் சேர்வரைத் திறந்துவிடலாமா?
(ஆசிரியர், துணுக்காய்)

வேண்டாம் சேர். சிம் ரவுட்டரில் வெளியிலிருந்து உள்ளே வர வழி பெரும்பாலும் இருக்காது, இருந்தாலும் அவ்வளவு தூரம் கைத்தொலைபேசி வலையமைப்பில் சுற்றி வரும் நேரம் அவர்களுக்குப் பெரிதாக உதவாது. திறந்து கிடந்த என்ரிபி சேர்வர்களைப் பாவித்து மற்றவர்களின் தளங்களைத் தாக்கியது 2014 அளவில் பெரிய பிரச்சினையாக இருந்தது. அந்தப் பாடசாலைக்கும் ஒரு பையும் மொடியூலும் வாங்கிக் கொடுத்து, உங்கள் மாணவர்களையே அனுப்பிப் பூட்டச் செய்யுங்கள். உங்கள் க்ரோனியின் அனுமதி வரியில் கூடத்து முகவரித் தொடரை மட்டும் எழுதுங்கள்.